ஹமர்ஃபெஸ்ட்டுக்குக் குடிபோகலாமா? நார்வேயின் வடகோடி ஊர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

முத்துநகரான்

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் தூத்துக்குடி. 6 வருஷமா ஸ்தவாங்கர்ல இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலை. இப்போ ஹமர்ஃபெஸ்ட்ல எரிவாயு ஆலை சம்பந்தமான நிரந்தர வேலைக்குக் கூப்பிடுறாங்க. வேலை பிடிச்சிருக்கு. பாப்பாவுக்கு 4 வயசு.

வீட்ல ஒரே கேள்விதான் கேட்டாங்க: "ரெண்டு மாசம் சூரியனே எட்டிப் பார்க்காத ஊர்ல பச்சப்புள்ளைய எப்படி வளர்க்கிறது?" என்கிட்ட பதில் இல்லை. இணையத்துல தேடினா வானத்துல பச்சை ஒளி ஆடுற படமும் பனிக்கரடிச் சிலையும்தான் வருது. அங்க மனுஷங்க எப்படி வாழுறாங்க, அது எப்படிப்பட்ட ஊர், தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா எழுதுங்க.

கல்வெட்டு

நான் அங்கே குடியிருந்ததில்லை. இரண்டு முறை போய் வந்திருக்கிறேன், ஒருமுறை ஜூனில், ஒருமுறை பிப்ரவரியில். ஊரின் பழங்கதையை நான் சொல்கிறேன். குடும்ப வாழ்க்கையை அங்கே இருந்தவர்கள் சொல்லட்டும்.

ஹமர்ஃபெஸ்ட் இருப்பது குவாலோயா என்ற தீவின் மேற்குக் கரையில். குவாலோயா என்றால் திமிங்கிலத் தீவு. 'ஹமர்' என்பது செங்குத்தான பாறை, 'ஃபெஸ்ட்' என்பது படகுக் கயிற்றைக் கட்டும் இடம். புயலில் அலைந்து வருகிறவன் கயிற்றைக் கட்டி மூச்சு வாங்கிக்கொள்ளும் பாறைத்துறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வட அட்சரேகை 70 டிகிரி 39 நிமிடம். இதே அட்சரேகையில் சைபீரியக் கரையும் அலாஸ்காவின் வடகரையும் குளிர்காலத்தில் கடலோடு சேர்ந்து இறுகிவிடும். இங்கோ அட்லாண்டிக்கிலிருந்து ஏறிவரும் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் துறைமுகம் உறைவதே இல்லை. அந்த ஒரு காரணத்தால்தான் அங்கே ஊர் என்று ஒன்று இருக்கிறது.

நார்வேயின் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கில் வணிக ஏகபோகம் ஒழிந்த காலத்தில், 1789 ஜூலை 17 அன்று, நகர உரிமை கிடைத்தது. கிழக்கே வார்டோவுக்கும் அதே ஆண்டுதான். ரஷ்யக் கரையிலிருந்து பொமோர் வணிகர்கள் கம்பு மாவோடு வருவார்கள், மீனோடு திரும்புவார்கள். ஆர்க்டிக் கடலில் வேட்டைக்குப் போன கப்பல்களும் இங்கிருந்துதான் கிளம்பின. 1809இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இரண்டு வந்து ஊரைக் கொள்ளையடித்தன. நெப்போலியன் போர் இவ்வளவு வடக்கு வரை வந்து தொட்டிருக்கிறது. 1856இல் சூறாவளி. 1890 ஜூலையில் பெருந்தீ, ஊரில் மூன்றில் இரண்டு பங்கு சாம்பல்.

என்னை உட்கார வைத்தது அதற்கு அடுத்த வருடம் நடந்தது. 1891இல் அந்த ஊர் நீர்மின்சாரத்தில் தெருவிளக்கு போட்டது. நகராட்சியே சொந்தமாக நடத்திய மின் நிலையம் நார்வேயில் அதுதான் முதல். வீடு பாதிக்குமேல் எரிந்து கிடக்கிறது, முதலில் விளக்கைப் போடுவோம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் வெயிலே வராத ஊருக்குத்தான் அந்த அவசரம் புரியும்.

துந்திரா

கல்வெட்டு ஐயா, தலைப்புல 'வடகோடி ஊர்'னு இருக்கே, அதை மட்டும் சரி பண்ணணும். நான் ஆல்டாவுல படிக்கிறேன். ஹமர்ஃபெஸ்ட்காரங்க ரொம்ப காலமா 'உலகத்தின் வடகோடி நகரம்'னு சொல்லிக்கிட்டு இருக்காங்க. ஆனா அதைவிட வடக்க, மகெரோயா தீவுல இருக்கிற ஹொன்னிங்ஸ்வோக் 1996ல தன்னை நகரம்னு அறிவிச்சிடுச்சு. அடுத்த வருஷமே நகரம்னு சொல்லிக்க 5,000 பேராவது இருக்கணும்னு விதி வந்தது. ஹொன்னிங்ஸ்வோக்ல அவ்வளவு பேர் கிடையாது, ஆனா விதிக்கு முன்னாடியே அறிவிச்சதால பட்டம் நிலைச்சிருச்சு. இன்னும் வடக்க இருக்கிற ஸ்வால்பார்டு தீவுகளையும் அலாஸ்கா ஊர்களையும் கணக்குல எடுத்தா இந்தச் சண்டைக்கே அர்த்தமில்லை.

கல்வெட்டு

நீங்கள் சொல்வது சரி. பட்டத்தை விட்டுவிடலாம், பட்டம் இல்லாமலே அந்த ஊருக்கு வரலாறு போதும். ஃபுகிளனெஸ் முனையில் ஒரு கல்தூண் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். பூமியின் வடிவத்தையும் அளவையும் கண்டுபிடிக்க 1816இலிருந்து 1855 வரை கருங்கடல் அருகிலிருந்து இங்குவரை 2,820 கிலோமீட்டருக்கு முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டே வந்தார்கள். ஸ்த்ரூவே வில் என்று பெயர். அதன் வடமுனைக்கு அடையாளம் அந்தத் தூண். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஜூன் மாதம், இரவு பதினொன்றரை, நல்ல வெயில். தூணின் நிழல் புல்லில் நீளமாக விழுந்துகிடந்தது. என்னைத் தவிர அங்கே ஒரு பெண்மணியும் நாயும்தான்.

1944ஐச் சொல்லாமல் இந்த ஊரைச் சொல்ல முடியாது. நார்வே அப்போது ஜெர்மானியர் பிடியில். அக்டோபர் 25இல் சோவியத் செஞ்சேனை ரஷ்ய எல்லையருகே உள்ள கிர்கெனெஸைப் பிடித்தது. 28ஆம் தேதி ஹிட்லரின் ஆணை: ஃபின்மார்க்கையும் பக்கத்து மாவட்டமான ட்ரொம்ஸின் வடபகுதியையும் காலி செய்துவிட்டு எல்லாவற்றையும் எரித்துவிடு, பின்னால் வருகிற ரஷ்யனுக்கு ஒரு கூரைகூட மிஞ்சக் கூடாது. சுமார் 50,000 பேரைத் தெற்கே துரத்தினார்கள். போக மறுத்தவர்கள் குகைகளிலும் புல்மண் குடிசைகளிலும் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். ஹமர்ஃபெஸ்ட்டில் வீடு, படகுத்துறை, கிட்டங்கி எதையும் விடவில்லை. மிஞ்சியது ஒரே ஒரு கட்டடம், 1937இல் கட்டிய சின்னக் கல்லறைக் கோயில்.

பிப்ரவரிப் பயணத்தில் அதன் முன்னால் போய் நின்றேன். ஓர் ஊரின் மொத்தப் பழமையும் அவ்வளவுதான். சுற்றிலும் கல்லறைக் கற்கள் பாதிவரை பனியில் புதைந்திருந்தன. போர் முடிந்ததும் அரசாங்கம் உடனே திரும்பாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தது, கண்ணிவெடி இருக்கிறது, கூரை இல்லை என்று. மக்கள் கேட்கவில்லை. படகு பிடித்து வந்துவிட்டார்கள். இன்று ஊரில் வரிசையாகத் தெரியும் ஒரே அச்சு மரவீடுகள் அந்த மறுகட்டுமானக் காலத்தவை. அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் 1998இல் திறந்தார்கள். போனால் முதலில் அங்கே போங்கள்.

பனைநிலா

தம்பி முத்துநகரான், உங்கட மனைவி கேட்ட கேள்விக்கு மறுமொழி எழுதத்தான் வந்தனான். நான் 88இல ஃபின்மார்க்குக்கு வந்தனான். முதல் ஒரு சின்ன மீன்பிடி ஊர், பிறகு ஹமர்ஃபெஸ்ட்டில 11 வருசம். இப்ப ஒஸ்லோவில. ரெண்டு பிள்ளையளும் அங்கதான் பிறந்தவை.

நவம்பர் 22 போல சூரியன் கடைசியாத் தெரியும். ஜனவரி 21 போலத்தான் திரும்பி வரும். ஆனா அது கும்மிருட்டில்லை அம்மா. நடுப்பகலில ரெண்டு மூண்டு மணித்தியாலம் வானம் வெளிக்கும். தெற்குப் பக்கம் றோசா நிறம், மற்றப் பக்கமெல்லாம் நீலம், அந்த நீலத்தைப் பனி வாங்கி வீடு, றோட்டு, ஆக்களின்ர முகம் எல்லாத்திலயும் பூசிவிடும். மழையும் காத்துமா இருக்கிற நாளிலதான் உண்மையா இருட்டு.

அந்த ரெண்டு மணித்தியாலத்தில பிள்ளையை வீட்டுக்குள்ள வைச்சிருக்கக் கூடாது. நான் மூத்தவளோட அந்தப் பிழையை விட்டனான். குளிருக்கும் எண்டு பொத்திப் பொத்தி வைச்சன். பிள்ளை இரவில நித்திரை இல்லை, பகலில சிணுங்கல். பாலர் பள்ளியில விட்ட பிறகுதான் தெளிஞ்சவள். அங்க மழை, பனி எண்டு பாராமல் ஒவ்வொரு நாளும் வெளியில விடுவினம். கம்பளி உள்ளுடுப்பு, மேல ஒரே துண்டா மழைச்சட்டை, மின்னுற பட்டி. பிள்ளையள் பனியில உருண்டுபோட்டு கன்னம் சிவந்து வருவினம். பிறகு மீனெண்ணெய். நோர்வேக்காரர் மாசத்தின்ர பேரில 'ஆர்' எழுத்து வாற மாசமெல்லாம் குடிக்கவேணும் எண்டு சொல்லுவினம், செப்டெம்பர் தொடக்கம் ஏப்ரல் வரைக்கும். ஒரு நாளும் விடாதேங்கோ.

எனக்குக் கஷ்டமா இருந்தது இருட்டுக் காலமில்லை, வெளிச்சக் காலம்தான். மே நடுப்பகுதியிலயிருந்து ஜூலை கடைசி வரைக்கும் சூரியன் மறையாது. பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெடியள் பந்து அடிச்சுக்கொண்டு நிப்பாங்கள், நான் எப்பிடி என்ர பிள்ளையை நித்திரையாக்கிறது? தடிச்ச திரைச்சீலை கட்டாயம். முதல் கோடையில நான் கம்பளியை ஆணி அடிச்சு யன்னலை மூடினனான்.

முத்துநகரான்

அக்கா, ரொம்ப நன்றி. நீங்க எழுதினதை அப்படியே வாசிச்சுக் காட்டினேன். ஒரு விஷயம் கேக்கலாமா? 88ல அவ்வளவு வடக்க தமிழ் ஆட்கள் எப்படிப் போனாங்க? அங்க என்ன வேலை செஞ்சீங்க?

பனைநிலா

கேளுங்கோ தம்பி, இதை ஆரும் கேட்கிறதில்லை.

முதல் தமிழர் நோர்வேக்கு வந்தது 1956இல. பிறகு எழுபதுகள், எண்பதுகளில நாட்டார் உயர்பள்ளி எண்டு இருக்கிற பள்ளிகளுக்கு அனுமதி எடுத்து யாழ்ப்பாணத்துப் பெடியள் வந்தவை. 83க்குப் பிறகு அகதியா வந்தவை கனபேர். ஃபின்மார்க் மீன் ஆலைகளுக்கு எப்பவும் ஆள் தட்டுப்பாடு, பாஷை தெரியாட்டிலும் அடுத்த நாளே வேலை. ஒருத்தர் போய் மற்றவரைக் கூப்பிட்டு, அப்பிடித்தான் கரையோர ஊருகளில நாங்கள் சேர்ந்தது.

எங்கட மேசை கண்ணாடி மேசை. கீழயிருந்து வெள்ளை வெளிச்சம் அடிக்கும். கொட் மீன் துண்டை அதில விரிச்சால் ஊடுருவித் தெரியும். முள்ளும், சுருண்டு கிடக்கிற சின்னப் புழுவும் கறுப்பு நிழலாத் தெரியும். கத்தி நுனியால சதை கிழியாமல் எடுத்து, அடுத்த துண்டு. வெளியில ரெண்டு மாசம் சூரியன் இல்லை, நாங்கள் எட்டு மணித்தியாலமும் வெளிச்சத்தைக் குனிஞ்சு பாத்துக்கொண்டு நிக்கிறம். கை விறைச்சு, விரல் என்ர எண்ட நினைப்பே இருக்காது. வேகத்துக்குத்தான் மேலதிகக் காசு. தோள்மூட்டு நோ வந்தது, இண்டைக்கும் இருக்கு. வைத்தியரிட்ட போனால் ஒண்டுமில்லை எண்டு அனுப்புவினம். எங்களுக்கு நோவைச் சொல்ல அவையின்ர பாஷை காணாது.

நல்லதையும் சொல்லவேணும். ஆலையில எறியிற கொட் தலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து புளி விட்டுக் குழம்பு வைப்பம். என்னோட நிண்ட நோர்வே அம்மா ஒராள் ஒரு நாள் வந்து சாப்பிட்டுப்போட்டு, அடுத்த கிழமை தானே ரெண்டு தலை கொண்டுவந்தவ. என்ர மகள் பத்து வயதில மற்றப் பெடியளோட போய் கொட் நாக்கு வெட்டுவாள். தலையை ஒரு கூர்க்கம்பியில குத்தி இழுத்து ஒரே வெட்டு. அங்க அது பிள்ளையளின்ர வேலை, விக்கிற காசு அவையின்ர கைச்செலவுக்கு. அவள் சம்பாதிச்ச முதல் காசு அதுதான். பிறகு ஆலைகள் ஒண்டொண்டா மூட, பிள்ளையளின்ர படிப்பையும் பாத்து, எங்கட ஆக்கள் ஒஸ்லோப் பக்கம் இறங்கிட்டினம்.

குழாய்வழி

நண்பரே, உங்க தொழில் பக்கத்தை நான் சொல்றனுங்க. ஒப்பந்த வேலையா அங்க ஒன்றரை வருஷம் இருந்தேன்.

ஊருக்கு எதிர்ல மெல்கோயான்னு ஒரு குட்டித் தீவு. கடலுக்கடியில 2.3 கிலோமீட்டர் சுரங்கப்பாதை வழியா போகணும். கடல்ல இருக்கிற ஸ்னோவிட்ங்கிற வயல்ல எரிவாயு இருக்குன்னு 1984லயே தெரியும். 2007லதான் உற்பத்தி. வயலுக்கு மேல மேடையே கிடையாது. கிணறெல்லாம் கடல் தரையில, 143 கிலோமீட்டர் குழாய்ல வாயு கரைக்கு வருது. மெல்கோயாவுல கழிவு நீக்கி, மைனஸ் 163 டிகிரிக்குக் குளிர வெச்சுத் திரவமாக்கிக் கப்பல்ல ஏத்துறாங்க. எரிவாயுவோட வர்ற கரியமில வாயுவைப் பிரிச்சு மறுபடி கடலடிப் பாறைக்குள்ளயே அனுப்புறாங்க. 2020 செப்டம்பர் 28 ஆலையில பெரிய தீ. 2022 ஜூன்லதான் திரும்ப ஓடிச்சு. இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆளுக்கு இதைவிடக் கத்துக்கிற இடம் கிடைக்காதுங்க.

ஆலை கட்டுற சொத்துவரியிலதான் ஊரே நிமிர்ந்துச்சு. பள்ளிக்கூடம், பாலர் பள்ளி, கடலோரத்துல ஆர்க்டிக் பண்பாட்டு மையம் எல்லாம். முன்னாடி ஆளுக போயிட்டே இருந்த ஊரு அது. ஃபின்மார்க்ல வருமான வரி குறைவு, வீட்டுக் கரண்டுக்கு விற்பனை வரி இல்லை, படிப்புக் கடன் இருந்தா வருஷா வருஷம் அதுல ஒரு பங்கை ஒரு வரம்புக்குள்ள கழிப்பாங்க.

வழி மட்டும் சிரமம். ஆல்டாவுலருந்து 140 கிலோமீட்டர். நடுவுல சென்னலாண்டெட் மேட்டுல புயல் வந்தா ரோட்டை மூடிருவாங்க, இல்லீனா பனிவாரி வண்டிக்குப் பின்னால வரிசை கட்டித்தான் போகணும். வண்டியில கம்பளியும் ஃபிளாஸ்க்கும் எப்பவும் இருக்கட்டும்.

துந்திரா

ஊர் நிமிர்ந்தது உண்மைதான். அதுக்கு யார் விலை கொடுக்கிறாங்கன்னும் முத்துநகரான் அண்ணன் தெரிஞ்சுக்கிட்டுப் போகணும், அவர் அந்த ஆலையிலதானே வேலை செய்யப்போறார்.

மெல்கோயா ஆலை தனக்கு வேண்டிய சக்தியைத் தானே வாயு எரிச்சு எடுத்துக்குது. அதை நிறுத்திட்டு கரையிலருந்து மின்சாரம் கொடுக்கலாம்னு 2023 ஆகஸ்ட்ல அரசாங்கம் அனுமதி கொடுத்தது. வருஷத்துக்கு 8,50,000 டன் கரியமிலம் குறையும்னு கணக்கு. ஆனா அந்த மின்சாரம் வரணும்னா ஸ்கைடியிலருந்து ஹமர்ஃபெஸ்ட் வரைக்கும் 420 கிலோவோல்ட் கம்பி, ஃபின்மார்க் முழுக்கப் புதுசா காற்றாலைகள். அதெல்லாம் இந்தப் பக்கத்துப் பழங்குடிகளான சாமி (Sámi) மக்களோட கலைமான் மேய்ச்சல் நிலம். ஒரு தாய்க் கலைமான் கன்னு போடுற வசந்தத்துல சத்தமும் இரும்பும் இருக்கிற பக்கம் போகவே போகாது. வழி ஒருதடவை அறுந்தா அந்தக் குடும்பத்தோட தொழிலே அறுந்த மாதிரி. 2021ல நடு நார்வேயில இருக்கிற ஃபோசன் காற்றாலை வழக்குல, சாமிகளோட பண்பாட்டு உரிமை மீறப்பட்டதுன்னு நார்வே உச்ச நீதிமன்றமே சொன்னது. அதுக்கப்புறமும் இந்த முடிவு.

2020ல ஹமர்ஃபெஸ்ட்டோட சேர்த்த குவால்சுண்ட் பகுதியிலயும் இதே கதை. செம்புச் சுரங்கக் கழிவை ரெப்பார்ஃபியோர்டுங்கிற கடற்கழியில கொட்ட அனுமதி, அதை எதிர்த்து இளைஞர்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தாங்க.

குழாய்வழி

துந்திரா, உங்க கோபம் நியாயமானது, நான் மறுக்கல. ஆனா ஆலை 2007லருந்து ஓடுது, ஹமர்ஃபெஸ்ட் நகராட்சியில 11,000 பேர் இருக்காங்க. அதை நிறுத்துன்னா அவங்க எங்க போவாங்க? புகையைக் குறைக்கவும் வேணும், வேலையும் இருக்கணும்.

துந்திரா

நிறுத்தச் சொல்லலைங்க. அங்க பிரிச்செடுக்கிற கரியமிலத்தைப் பாறைக்குள்ள அனுப்பத் தெரிஞ்ச ஆலைக்கு, எரிக்கிற வாயுவோட கரியமிலத்தையும் அங்கேயே பிடிக்க வழி தேடலாம்னு சொல்றவங்களும் இருக்காங்க. செலவு ஜாஸ்தின்னு ஒதுக்கிட்டாங்க. செலவை யார் தலையில வைக்கிறதுங்கிறதுதான் கேள்வி. நிறுவனத்துக்குச் செலவு ஜாஸ்தின்னா மேய்க்கிறவன் தலையில.

பனைநிலா

பிள்ளையள், நான் ஒண்டு சொல்லட்டே. நான் இருந்த காலத்தில கலைமான் ஊருக்குள்ளயே வரும். கோடையில தீவுக்கு மேய வாறதுகள், கடை வாசலில நிக்கும், கல்லறையில வைச்ச பூவைத் தின்னும். சனம் ஏசும். பிறகு ஊரைச் சுத்தி வேலி போட்டவை. வேலைக்கு வெளிக்கிடேக்க ஒரு நாள் ஒரு கிழட்டு மான் என்ர குசினி யன்னலடியில படுத்துக் கிடந்தது. நான் கதவைத் திறக்க எழும்பவுமில்லை. அதுக்கு அந்த இடம் என்னைவிடப் பழக்கம் எண்டு எனக்கு அப்பவே விளங்கினது. ஊரை விட்டு விரட்டுப்பட்டு வந்தவளுக்கு அது விளங்காமல் இராது. துந்திரா சொல்லுறதைத் தள்ளிவிடாதேங்கோ.

முத்துநகரான்

எல்லாரும் எழுதினதை ரெண்டு தடவை படிச்சோம். தூத்துக்குடிக்காரன் நான். ஆலையால ஊர் பிழைக்கிறதும் தெரியும், ஆலையால ஊர் என்ன பட்டதுன்னும் தெரியும். அதனால துந்திரா சொன்னது எனக்குப் புதுசு இல்லை. கண்ணை மூடிக்கிட்டு அங்க போக மாட்டேன். அந்தப் பக்கத்து மக்கள் கூட்டம் எங்க நடந்தாலும் போய் உட்கார்ந்து கேப்பேன்.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி மூணு பேரும் ஒருதடவை போய்ப் பார்க்கிறதா முடிவு பண்ணியிருக்கோம். அக்கா, எந்த மாசம் போகலாம்? கோடையில போனா நல்லா இருக்கும்னு நண்பர்கள் சொல்றாங்க. வீட்ல அவங்க இருட்டுலதான் பார்க்கணும்ங்கிறாங்க.

பனைநிலா

உங்கட மனைவி சொல்லுறதுதான் சரி. ஜனவரி மூண்டாம் கிழமை போங்கோ, இருபதாம் திகதிக்கு முதல் போய் ஒரு கிழமை நில்லுங்கோ. இருட்டையும் பாக்கலாம், சூரியன் திரும்பி வாறதையும் பாக்கலாம். வடக்கில கன இடத்தில அண்டைக்குப் பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தால வெளியில கூட்டிக்கொண்டு வருவினம், 'சூரிய பன்' எண்டு உள்ளுக்கு ஜாம் வைச்சுப் பொரிச்சது பேக்கரியில விக்கும். மூண்டு வாங்குங்கோ.

சாலன் மலையில ஏறுற வளைஞ்ச பாதையில அந்த நேரம் ஏறாதேங்கோ, மேல பனிச்சரிவுக்கு வேலி போட்டிருக்கிற இடம் அது. துறைமுகப் பக்கம் நிண்டால் காணும். ரெண்டு மணிக்குள்ள வெளிச்சம் போயிடும், மத்தியானச் சாப்பாட்டைப் பிந்திச் சாப்பிடுங்கோ. சப்பாத்துக்கு அடியில மாட்டுற முள்ளுப் பட்டி விமான நிலையத்தால இறங்கின உடன வாங்குங்கோ, சின்னவவுக்கும் அளவு இருக்கு. போற நேரம் முகில் கட்டியிருந்தால் மனம் விடாதேங்கோ. எனக்கு முதல் வருசம் சூரியனைக் காண ஜனவரி 29 ஆனது.